கலைப்பொருளும் காண்பார் உள்ளமும்

முன்னுரை

கலைப்பொருள் ஒன்றைக் கண்ட மாணவரை நோக்கி, 'இஃது உனக்கு யாது உணர்த்துகின்றது?' என வினவுதல் இற்றை வகுப்பறைகளிற் பெருவழக்காயிற்று. அவ்வுணர்வினை அடிப்படையாகக் கொண்டு கலைப்பணி ஒன்றைச் செய்து ஒப்படைக்குமாறு பணித்தலும் வழக்காயிற்று. வினா நல்லதே. எனினும், அதற்கு வரும் விடைகளைத் தொகுத்து நோக்குவார்க்கு ஓர் இடர்ப்பாடு புலனாகும். ஒரு சாரார் நூலிற் கண்டதையே திருப்பிக் கூறுவர்; அவ்விடையில் அவர்தம் உள்ளம் இல்லை. மற்றொரு சாரார் அப்பொழுது மனத்திற் பட்டதைக் கூறுவர். அவ்விடையிற் கலைப்பொருள் இல்லை. இவ்விரண்டும் அல்லாத நெறி ஒன்று உண்டா?

உண்டு என்பதும், அந்நெறியைச் சங்கச் சான்றோர் தெளிவுறக் கண்டிருந்தனர் என்பதும், மாணவர் கலைப்பணிக்கு அதுவே தக்க அடிப்படை என்பதும் இக்கட்டுரையிற் கூறப்பெறும். இலக்கியச் சான்றாக நெடுநல்வாடையும் பரிபாடலும், இடச் சான்றாக உத்தரமேரூர்க் கல்வெட்டும் எடுத்துக்கொள்ளப்பெறும்.

கட்டிலின் மேல் எழுதிய ஓவியம்

நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடிகளால் இயன்றது, பத்துப்பாட்டுள் ஒன்று. கூதிர்க் காலத்து நள்ளிரவில் அரசன் பாசறையில் இருக்கின்றான். அரசி அரண்மனையில் துயிலின்றிக் கிடக்கின்றாள். அவள் கிடக்கும் கட்டிலின் மேலே மெழுகு பூசிய விதானம் ஒன்று அமைந்துள்ளது. மேடம் முதலாகிய இராசிகளில் ஞாயிறு இயங்குமாறும், திங்களை உரோகிணி பிரியாதிருக்குமாறும் அதில் ஓவியம் எழுதப்பட்டுள்ளது. அரசி அவ்வோவியத்தை நோக்குகின்றாள், உரோகிணியைத் தன்னோடு வைத்து எண்ணுகின்றாள், நெடுமூச்செறிகின்றாள், கண்ணின் கடையில் திரண்ட நீரை விரலால் தெறிக்கின்றாள். புலவர் இவ்வளவே கூறுகின்றார்.

ஈண்டு நுணுகி ஆராயத்தக்கது ஒன்று உண்டு. ஓவியன் கருதியது யாது? அரசனும் அரசியும் கூடி வாழும் கட்டிலுக்கு மேலாக, பிரியாத இணையாகிய திங்களையும் உரோகிணியையும் எழுதினான். அவன் கருதியது மங்கலமே ஆதல் வேண்டும். அரசி கண்டதோ துயரம். அவ்வாறாயின் அவள் ஓவியத்தைப் பிழைபட உணர்ந்தாள் எனலாமா? எனல் இயலாது. உரோகிணி திங்களைப் பிரியாதிருத்தல் ஓவியத்தில் உள்ள செய்தி. அச்செய்தியை அவள் சரியாகவே கண்டாள். அதனைக் கண்டமையாலேயே, தான் பிரிந்திருத்தல் அவள் நெஞ்சைத் தாக்கிற்று. விதானத்தில் யானையோ கொடியோ எழுதப்பட்டிருப்பின் இந்நெடுமூச்சு பிறந்திராது. அரசன் அருகிருந்த நாளில் இதே ஓவியத்தை அவள் நூறு முறை கண்டிருப்பாள். அப்பொழுதும் இக்கண்ணீர் பிறந்திராது. ஆகவே அவள் பெற்ற பொருள் ஓவியத்தில் மட்டும் இருந்ததன்று. அவள் உள்ளத்தில் மட்டும் இருந்ததுமன்று. ஓவியத்தில் உள்ள ஒரு செய்தியும் வாழ்க்கையில் உள்ள ஒரு செய்தியும் எதிர்ப்பட்ட இடத்தில் அது தோன்றிற்று. தனக்குரிய பொருளைக் கலையிற் காண்டல் என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

பரங்குன்றத்து வினாவும் விடையும்

இவ்வாறு காண்பதற்கு முன் நிகழவேண்டிய செயல் ஒன்றைப் பரிபாடல் காட்டுகின்றது. செவ்வேளைப் பாடும் பத்தொன்பதாம் பாடலில், நப்பண்ணனார் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்திற்கு வந்த மக்களை நம்முன் நிறுத்துகின்றார். காமனும் இரதியும் எழுதப்பட்ட ஓவியத்தைக் கண்டு, 'இவர் யாவர்?' எனச் சிலர் வினவ, அறிந்தோர் விடை கூறுகின்றனர். பூனை வடிவு கொண்ட இந்திரன், அகலிகை, சினங்கொண்ட கௌதமன், அகலிகை கல்லான நிலை ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சுட்டி மற்றையோர்க்கு உரைப்போரும் உளர்.

இம்மக்கள் ஓவியத்தின் முன் நின்றவுடன் தம் உணர்ச்சியைக் கூறத் தொடங்கினாரல்லர். முதற்கண் வினவினர், சுட்டிக் காட்டினர், கண்டது இன்னது எனத் தம்முள் தெளிந்தனர். அறியாமையை வினாவாக வெளியிட அவர்க்கு நாணமில்லை. அறிந்ததைப் பகிர்ந்துகொள்வதிற் கஞ்சத்தனமும் இல்லை. இற்றை மாணவரிடத்து நாம் காண விழைவதும் இதுவே.

தொல்காப்பியர் கூறும் உள்ளுறை உவமமும் இக்கருத்திற்கு அரணாகின்றது. தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டே உள்ளுறை தோன்றும் என்பது அவர் விதி. பாட்டில் வரும் பறவையையும் மீனையும் மரத்தையும் உள்ளவாறு காணாதவர் உள்ளுறையைக் காணவியலாது. வெளிப்படையாக உள்ளதே உள்ளே இருப்பதற்கு வாயில். செய்யுளுக்குரிய இவ்விதி ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் பொருந்துவதேயாம்.

உத்தரமேரூர்ச் சுவர்

இந்நெறியை இக்கால மாணவர்பால் வைத்துக் காண்பாம். காஞ்சிபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது உத்தரமேரூர். அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழனின் 12, 14 ஆம் ஆட்சியாண்டுகளைச் சார்ந்த, அதாவது கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சார்ந்த, இரு கல்வெட்டுகள் உள்ளன. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்னும் அவ்வூர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவை கூறுகின்றன. முதல் விதியைத் திருத்தி அமைந்தது இரண்டாவது.

கல்வெட்டு ஒன்றைக் கலைப்பொருளாகக் கொள்ளலாமோ எனச் சிலர் ஐயுறக்கூடும். ஓவியம் வரைதலையும் எழுத்துப் பொறித்தலையும் 'எழுதுதல்' என்னும் ஒரே சொல்லாற் குறித்தல் தமிழ் வழக்கு. சுவர் முழுதும் வரி வரியாக நிரம்பிய எழுத்து முதலிற் கண்ணுக்கே விருந்தாகின்றது. அன்றியும், அக்கல்வெட்டுக் கூறும் நிகழ்ச்சி ஓர் அரங்கக் காட்சியைப் போலவே அமைந்துள்ளது. ஊரிலுள்ள 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவர். இளையோரும் முதியோருமாகச் சபையார் கூடியிருக்க, நம்பிமாருள் முதியவர் ஒருவர் அக்குடத்தை அனைவரும் காணுமாறு தூக்கி நிற்பார். உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் ஓர் ஓலைக்கட்டை எடுப்பான். அது வேறொரு குடத்தில் இட்டுக் குலைக்கப்படும். அதனின்று அச்சிறுவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று, உரக்கப் படிப்பான். பின்னர் நம்பிமார் அனைவரும் அவ்வோலையைப் படிப்பர். இவ்வாறு 30 பேர் தேர்ந்தெடுக்கப்பெற்று, 12 பேர் சம்வத்சர வாரியத்திற்கும், 12 பேர் தோட்ட வாரியத்திற்கும், 6 பேர் ஏரி வாரியத்திற்கும் அமைவர். அவர்தம் பணிக்காலம் 360 நாள்.

மாணவர் மூவர் செய்த பணி

இக்கட்டுரையாளர் தம் மாணவரை அக்கோயிலுக்கு அழைத்துச் சென்று, கண்டதிலிருந்து தத்தமக்குரிய பொருளை உணர்த்தும் கலைப்பணி ஒன்றைச் செய்யுமாறு பணித்ததுண்டு. அவற்றுள் மூன்றனை மட்டும் ஈண்டுக் குறிப்பாம்.

முதல் மாணவன் பெரிய தாளில் ஓர் ஓவியம் தீட்டினான். ஊரார் வரிசையாக நின்று தம் கையிலுள்ள ஓலையைக் குடத்தில் இடுவதாக அது அமைந்திருந்தது. மேலே மக்களாட்சியின் பிறப்பிடம் எனப் பொன்னிறத்தில் எழுதியிருந்தான். கைத்திறன் நன்று. ஆயின், சுவர் கூறுவது அதுவன்று. விரும்பியவர்க்கு வாக்களிக்கும் முறை அங்கு இல்லை. தகுதியுடையோர் பெயர்களுள் ஒன்றைச் சிறுவன் கையால் எடுக்கும் திருவுளச்சீட்டு முறையே உண்டு. அவன் சுவரைக் காணவில்லை. சுவரைப் பற்றிப் பிறர் கூறியதையே கண்டான்.

இரண்டாம் மாணவன் மண்குடம் ஒன்றில் மயில் ஒன்றை அழகுற எழுதிக் கொணர்ந்தான். காரணம் வினவியபோது, மயில் தனக்கு விருப்பமானது என்றான். விருப்பம் அவனுடையதே என்பதில் ஐயமில்லை. ஆயின், அம்மயிலை எழுத அவன் உத்தரமேரூர் வரை வரவேண்டியதில்லை.

மூன்றாவது ஒரு மாணவி. உத்தரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களுள் ஒன்றைச் சார்ந்தவள். கூலி வேலை செய்யும் குடும்பத்தினள். கோயிலில் அவள் கேட்ட வினா ஒன்றே: 'மத்தியஸ்தன் ஏன் ஐந்து விரலையும் விரிக்கவேண்டும்?' பல்லாண்டு இக்கல்வெட்டைப் பாடம் சொல்லிய இக்கட்டுரையாளர் அத்தொடரை நின்று நோக்கியதில்லை. கையில் வேறோர் ஓலையைக் கரந்து வைத்திலன் எனச் சபையார்க்குக் காட்டுதற்கு எனச் சிந்தித்து விடை கூற வேண்டியதாயிற்று. சில நாள் கழித்து அவள் மீண்டும் வந்தாள். அக்குடத்தில் தன் முன்னோர் பெயர் இருந்திருக்குமா என வினவினாள்.

விடை கூறுதல் எளிதன்று, மறைத்தலும் முறையன்று. கி.பி. 921 ஆம் ஆண்டு விதி கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவராய், தம் மனையில் வீடு கட்டி வாழ்பவராய், 35 வயதிற்கு மேல் 70 வயதிற்கு உட்பட்டவராய், வேத அறிவுடையவராய் இருத்தல் வேண்டும் என வரையறுக்கின்றது. வேத அறிவு மிக்கார்க்கு நில அளவு குறைக்கப்படுவதும் உண்டு. அஃது அந்தணர்க்கு அளிக்கப்பட்ட ஊரின் சபை. நிலமில்லாத உழைப்பாளர் பெயரோ பெண்டிர் பெயரோ அக்குடத்தில் இடம்பெற வழியில்லை. இதனைக் கேட்ட மாணவி ஒன்றும் கூறாது சென்றாள். சுவரின்மேல் அவளுக்கு வெறுப்பு உண்டாகிவிடுமோ என அஞ்சியது உண்மை.

அவள் செய்து கொணர்ந்த பணி பின்வருமாறு. குயவரிடம் வாங்கிய மண்குடம் ஒன்று. அதனுள் 30 பனையோலை நறுக்குகள். ஓலையைக் கொதிநீரில் இட்டு நிழலில் உலர்த்தி, ஆணியாற் கீறி, விளக்குக்கரி தடவி எழுத்தை விளக்கியிருந்தாள். ஒவ்வோர் ஓலையிலும் ஒரு பெண்ணின் பெயர். அவர் அனைவரும் நூறு நாள் வேலைத் திட்டத்தில் அவளது ஊர் ஏரியைத் தூர்வாரி, கரைக்கு மண் சுமந்தவர்கள். அவள் தாயும் அவருள் ஒருவர். அப்பெயர்களைத் தொகுத்தல் எளிதாயிருக்கவில்லை. இன்னான் தாய், இன்ன வீட்டு மருமகள் என்றே ஊரில் வழங்கப்பட்டவர் பலர். அருகே சென்று, 'உங்கள் பெயர் என்ன, ஆயா?' என ஒவ்வொருவரையும் கேட்டு எழுதினாள். தம் பெயரைக் கூறுமுன் நகைத்தவரும் உண்டு. எதற்கு என ஐயுற்றவரும் உண்டு. குடத்தின் அருகே ஒரே ஒரு விதியை எழுதி வைத்தாள்: ஓலையை எடுப்பவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்று, பெயரை உரக்கப் படித்தல் வேண்டும்.

கல்லூரிக் கூடத்தில் அக்குடம் வைக்கப்பட்ட நாளில், வந்தோர் ஒவ்வொருவராக ஓலை எடுத்துப் படித்தனர். 6 பேர் கொண்ட ஏரி வாரியம் அமைந்த நாட்டில், ஏரியைக் காத்த கைகளின் பெயர்கள் முதன்முறையாக ஓர் அவையில் ஒலித்தன. மாணவி தன் குறிப்பில் சுவரைப் பழிக்கவில்லை; புகழவுமில்லை. கையை விரித்துக் காட்டும் அச்செய்கை தனக்குப் பிடித்தது என்றும், அக்கையில் இந்தப் பெயர்களும் விழவேண்டும் என விரும்பியதாகவும் நான்கு வரியில் எழுதியிருந்தாள்.

மூன்று அளவைகள்

இப்பணி முன்னைய இரண்டினும் சிறந்தது எனல் ஆசிரியரின் இரக்கத்தால் எழுந்த முடிபன்று. அதற்கு அளவைகள் உண்டு. மாணவர் கலைப்பணியை மதிப்பிடுவார் மூன்று வினாக்களை எழுப்புதல் தகும்.

முதலாவது, கூறும் பொருளுக்குக் கலைப்பொருளில் சுட்டிக்காட்டத்தக்க இடம் உண்டா? அரசிக்கு உரோகிணி உண்டு; மாணவிக்கு விரித்த கையும் ஓலையும் ஏரி வாரியமும் உண்டு. மயில் எழுதியவனுக்கு அவ்விடம் இல்லை.

இரண்டாவது, அறியப்பட்ட உண்மையோடு அது முரணுகின்றதா? வரிசையில் நின்று ஓலையிட்ட ஊரார் சுவரில் இல்லை. ஆதலின் முதல் மாணவனின் பணி இங்குத் தவறுகின்றது. மாணவியோ பண்டைக் குடத்தில் பெண்டிர் பெயர் இருந்ததாகக் கூறினாளல்லள். இல்லாததை இல்லை என அறிந்தே தன் குடத்தை அமைத்தாள்.

மூன்றாவது, செய்தவர் வாழ்க்கையை நீக்கிவிடின் அப்பொருள் நிற்குமா? வேறொருவர் அப்படியே செய்திருக்கக்கூடும் எனின், அது கடன் பெற்றதே. அவ்வூர் ஏரியை அறியாத ஒருவர் இக்குடத்தைச் செய்திருத்தல் இயலாது.

ஈண்டுத் தடை ஒன்று எழும். 1100 ஆண்டுகட்கு முற்பட்ட சபையை இக்கால அறத்தால் அளத்தல் முறையோ? முறையன்று என்பதே எம் கருத்தும். ஆயின் மாணவி அளந்தது சபையை அன்று. அச்சுவருக்கு முன் தான் நிற்கும் நிலையை. 1992 ஆம் ஆண்டின் 73 ஆம் அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாத இடங்களை ஒதுக்கிற்று. தமிழ்நாட்டில் 2016 ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் பாதியாக உயர்த்திற்று. தன் தாயின் பெயர் இன்று வேட்பாளர் பட்டியலில் இடம்பெறலாம் என்பதை அறிந்தவள் அம்மாணவி. அவ்வறிவோடு பழஞ்சுவரைக் காணுங்கால் பெருமையும் வருத்தமும் ஒருங்கே எழுதல் இயல்பு. இரண்டில் ஒன்றை விடுமாறு ஆசிரியர் பணித்தல் தகாது.

ஆசிரியர்க்குச் சில குறிப்புகள்

முதற்கண், மாணவரைக் கலைப்பொருளின் முன் நெடுநேரம் நிறுத்துதல் வேண்டும். கண்டவற்றை உணர்ச்சிச் சொல் கலவாது பட்டியலிடச் செய்தல் நன்று. அதன்பின், பரங்குன்றத்து மக்களைப் போல ஒருவரையொருவர் வினவச் செய்தல் வேண்டும். விடையறியா வினாக்களைத் தனியே எழுதிக்கொள்ளுமாறு கூறுதல் வேண்டும்; சிறந்த கலைப்பணி பெரும்பாலும் அவற்றுள் ஒன்றிலிருந்தே முளைக்கும். தொன்மைச் சின்னங்களின்மேல் சுண்ணமோ மையோ தடவுதலும், முறையான இசைவின்றிப் படியெடுத்தலும் கூடா. தாளில் வரைந்துகொள்ளுதலே அமையும்.

செய்பொருளைத் தேர்தலில், கலைப்பொருளோடு உறவுடையதும் மாணவர் கைக்கு எளிதில் கிடைப்பதுமான ஒன்றைக் கொள்ளுதல் சிறப்பு. மண்ணும் ஓலையும் விலையுயர்ந்த வண்ணங்களினும் பயன்பட்டமையைக் கண்டோம். பணியோடு ஒரு பக்கத்திற்கு மேற்படாத குறிப்பு ஒன்றும் இருத்தல் வேண்டும். அதில் கண்டது, வினவியது, தனக்குற்றது என்னும் மூன்றும் அம்முறையே அமைதல் நலம்.

இறுதியாக, மிகுந்த கருத்தோடு காக்கவேண்டியது ஒன்று உண்டு. தனக்குரிய பொருளைக் கூறுக என்பது, வீட்டுத் துயரை அவையிற் கூறுக என்பதன்று. நெடுநல்வாடை அரசி தன் துயரை வாய்விட்டு உரைத்தாளல்லள். ஓவியத்தை நோக்கினாள், அவ்வளவே. மாணவர் விழைந்த அளவே வெளியிடவும், எஞ்சியதைத் தம்முள் வைத்துக்கொள்ளவும் உரிமை உடையவர். துயரின் அளவிற்கு மதிப்பெண் இடும் ஆசிரியர் துயரை நடிக்கவே கற்பிப்பவராவர்.

முடிவுரை

கலைப்பொருளில் தனக்குரிய பொருளைக் காண்டல் எண்ணியவாறு எண்ணுதலும் அன்று; பிறர் எண்ணியதை ஏற்றலும் அன்று. உள்ளதை உள்ளவாறு கண்டபின், அது தன் வாழ்வின் எவ்விடத்தைத் தொடுகின்றது என அறிதலே அது. அரண்மனைக் கட்டிலில் கிடந்த அரசிக்கும், ஏரிமண் சுமந்தவர் மகளுக்கும் இந்நெறி ஒன்றே. கோயிற் சுவரும் ஏரிக்கரையும் அருகருகே அமைந்த ஊர்களிற் கற்கும் நம் மாணவர்க்குக் கலையறிவு தொலைவில் உள்ளது என எண்ணுதல் பிழை. பிறர் தந்த விடைகளை நாம் முந்திக்கொண்டு அவர் கையில் திணியாதிருப்பின், அவர்தம் வினாக்கள் தாமே அவரை அச்சுவரண்டை இட்டுச் செல்லும் என்பது எம் துணிபு.